பூட்டு திறக்கிற கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காக, சாவியில்லாமல் பூட்டு திறக்கப் பழகுகிறவர்கள் கேட்பதில் பாதி கருவியைப் பற்றியது. எந்த செட் வாங்கலாம், எத்தனை பிக் (சாவித்துளைக்குள் விட்டுத் தள்ளும் மெல்லிய கருவி) வேண்டும், என்ன ஸ்டீல் நல்லது. அதற்கு என் பதில் சின்னது: ஒரு குட்டை ஹூக், அதாவது நுனி வளைந்த பிக்; பூட்டைத் திருப்புவதற்கு அழுத்தம் கொடுக்கும் டென்ஷன் கம்பி இரண்டு மூன்று; போதும். மீதிப் பாதி கையைப் பற்றியது. "எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன், திறக்கவே மாட்டேன் என்கிறது" என்று ஆரம்பிக்கும். இந்தப் பக்கம் அந்த இரண்டாவது பாதிக்கானது.

முதலில் ஒரு விஷயம். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இரண்டு விதியைப் பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டை, உடையவர் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது. பயன்பாட்டில் இருக்கும் பூட்டையும் தொடக்கூடாது, அது உங்கள் வீட்டு வாசற்கதவுப் பூட்டாகவே இருந்தாலும். முதல் விதி ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவதை நிறையப் பேர் மீறிவிட்டு, வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு புரிந்துகொள்கிறார்கள். கருவியை வைத்திருப்பதற்கே சில நாடுகளில் சட்டம் உண்டு. ஜப்பானில் 2003 முதல் தக்க காரணமில்லாமல் இந்தக் கருவிகளை வைத்திருப்பது குற்றம். உங்கள் நாட்டில் என்ன நிலவரம் என்று பார்த்துவிட்டுக் கையில் எடுங்கள்.

இன்னொன்று: இங்கே "பின்" என்று வருமிடமெல்லாம் பூட்டுக்குள் இருக்கும் உலோகப் பின். முன்-பின் பின் அல்ல.

பூட்டுக்குள் என்னதான் நடக்கிறது?

லைனஸ் யேல் என்ற பெயரில் அப்பா, மகன் இரண்டு பேர். அப்பா 1848-இல் பின் வைத்த பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். மகன் 1860-களில் அதை இன்றைக்கு நாம் பார்க்கும் தட்டைச் சாவிப் பூட்டாக மாற்றினார். இன்றும் பெரும்பாலான கதவுப் பூட்டுகளும் தொங்கு பூட்டுகளும் அதே யோசனைதான்.

சாவி நுழைகிற உருளை ஒன்று. அதைச் சுற்றி அசையாத கூடு. இரண்டையும் ஊடுருவி ஐந்தாறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே சாவியைத் தொடும் பின், அதன்மேல் டிரைவர் பின், அதற்கும் மேலே ஸ்பிரிங். டிரைவர் பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலும் நிற்பதால்தான் உருளை சுற்றாது. சரியான சாவி போட்டால் இரண்டு பின்னும் சந்திக்கும் இடம், உருளையும் கூடும் சந்திக்கும் கோட்டில் வந்து நிற்கும். அதற்கு ஷியர் லைன் என்று பெயர். எல்லாம் அங்கே வந்தால் உருளை சுற்றும்.

துளைகளை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அவை ஒரே நேர்கோட்டில் இருக்காது. மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதனால் உருளையை லேசாகத் திருப்பினால் எல்லாப் பின்னும் ஒரே சமயத்தில் மாட்டாது. ஒன்று மட்டும் முதலில் இறுகும். அதை மேலே தள்ளினால் டிரைவர் பின் ஷியர் லைனைத் தாண்டும், உருளை ஒரு துளி திரும்பும், டிரைவர் பின் அந்த விளிம்பின்மேல் உட்கார்ந்துகொள்ளும். உடனே அடுத்த பின் இறுகும். இந்தப் பொழுதுபோக்கு மொத்தமும் "இப்போது இறுகியிருப்பது யார்?" என்று விரலால் கேட்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்பது பிக் பிடித்த கை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் கேட்பது மற்றக் கை.

கீழே வரும் எல்லாமே பின்கள் சாவித்துளையின் மேல்பக்கம் இருப்பதாக வைத்து எழுதியது. ஐரோப்பியப் பூட்டுகள் பலவற்றில் அவை கீழ்ப்பக்கம் இருக்கும். அப்போது மேல்-கீழை மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

டென்ஷன் எவ்வளவு கொடுப்பது?

தமிழில் டென்ஷன் என்றாலே பதற்றம் என்று ஆகிவிட்டது. அதனாலோ என்னவோ, புதிதாகப் பழகுகிறவர்கள் அந்தக் கம்பியைப் பிடிக்கும்போது தோள்வரை விறைத்துப்போகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டென்ஷன் கம்பியின் நுனியில், உருளையின் மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி உங்கள் விரல் இருக்கிறது. உருளையின் குறுக்களவு சாதாரணமாக அரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். அதாவது பின் இறுகுமிடம் மையத்திலிருந்து சுமார் 6 மி.மீ. இது ஒரு நெம்புகோல். விரலில் 50 கிராம் எடைக்கு அழுத்தினால் பின்னின் இடுப்பில் ஏறக்குறைய 400 கிராம் விழும். நீங்கள் "லேசாகத்தான் அழுத்துகிறேன்" என்று அரைக் கிலோ அழுத்தினால் உள்ளே 4 கிலோ. அந்த நிலையில் இறுகிய பின், இறுகாத பின் என்ற வித்தியாசமே போய்விடும். ஒன்று இறுகி, அது சற்று நசுங்கி இடம்கொடுத்து, அடுத்ததும் இறுகி, எல்லாமே கல் மாதிரி நிற்கும். அந்தக் கல்லைத் தள்ளித்தான் பிக் வளைகிறது.

நாடி பார்க்கும்போது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் துடிப்பு தெரியாது, கையையே வைக்காவிட்டாலும் தெரியாது. அந்த இடைப்பட்ட அழுத்தம்தான் இங்கேயும். ஆனால் இப்படிச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதனால் சமையலறையில் மாவு எடைபோடும் டிஜிட்டல் தராசை எடுங்கள். அதன்மேல் ஆட்காட்டி விரலை வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு "லேசாக" அழுத்தி, கண்ணைத் திறந்து எண்ணைப் பாருங்கள். நான் முதல் தடவை செய்தபோது 380 காட்டியது. 20, 50, 100 என்று மூன்று எடையைக் கண்ணை மூடிக்கொண்டே கொண்டுவரப் பழகுங்கள். தினம் இரண்டு நிமிடம், ஒரு வாரம். இதைவிடப் பலன் தந்த பயிற்சி எனக்கு வேறில்லை.

பூட்டு கையில் இருக்கும்போது தராசு கிடையாது, ஆனால் நகம் இருக்கிறது. டென்ஷன் கொடுக்கும் விரலின் நகத்தைப் பாருங்கள். நுனி வெளுத்திருந்தால் அதிகம். நகம் தன் நிறத்தில் இருந்து, விரலின் சதை மட்டும் சற்றே அமுங்கியிருந்தால் சரி.

ஒரே அளவு எல்லா நேரத்துக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுகிய பின்னைத் தேடும்போது ஒன்று, அதைத் தூக்கும்போது கொஞ்சம் குறைத்து, உட்கார்ந்த பிறகு மறுபடி கொஞ்சம் கூட்டி. தேர்ந்தவர்கள் இதை யோசிக்காமல் செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அந்த விரல் அசையவே இல்லை என்றுதான் தோன்றும்.

எந்தக் கையில் பிக், எந்தக் கையில் டென்ஷன்?

எழுதும் கையில் பிக், மற்றதில் டென்ஷன் என்பதுதான் பெரும்பாலானோர் வழக்கம். நுண்ணுணர்வு எழுதும் கையில் அதிகம், அதனால் டென்ஷனை அதற்குக் கொடு என்று மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒரு வாரம் பாருங்கள். அப்புறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். பூட்டு திறக்காத ஒவ்வொரு முறையும் கை மாற்றுவது மட்டும் வேண்டாம்.

பிக்கை எப்படிப் பிடிக்க வேண்டும்?

பேனாவைப் போல. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பிக்கைத் தாங்கும். பிடியின் முடிவு, நீளத்தைப் பொறுத்து, உள்ளங்கையிலோ கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலோ சாய்ந்திருக்கும். அது எல்லோரும் சொல்வது. சொல்லாமல் விடுவது மோதிரவிரலையும் சுண்டுவிரலையும்.

அந்த இரண்டு விரலும் பூட்டின் முகத்தில் ஊன்றியிருக்க வேண்டும். நுணுக்கமாக எழுதும்போது கை காகிதத்தில் ஊன்றியிருக்கிறது அல்லவா, காற்றில் மிதந்தால் எழுத்து கோணும் அல்லவா, அதே கதை. பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு நடுவே சுமார் 4 மி.மீ. இடைவெளிதான். சாவியில் ஒரு வெட்டின் ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் வித்தியாசம் பல பூட்டுகளில் அரை மி.மீ.க்கும் கீழே. முழங்கையிலிருந்து கையை ஆட்டி இந்த அளவைப் பிடிக்க முடியாது. ஊன்றிய விரலிலிருந்து அளந்தால் முடியும். ஊன்றினால் இன்னொரு லாபம்: பிக் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பது உடம்புக்குத் தானாகத் தெரியும். மூன்றாவது பின்னுக்குத் திரும்ப வேண்டும் என்றால் எண்ண வேண்டியதில்லை.

பிடியின் இறுக்கம் அடுத்தது. நம் விரல் தோலுக்கு அடியில், அதிர்வை உணர்வதற்கென்றே பசினியன் என்ற பெயரில் நரம்பு முனைகள் இருக்கின்றன. நொடிக்கு 200, 300 என்ற வேகத்தில் வரும் அதிர்வுதான் அவற்றுக்கு மிக நன்றாகக் கேட்கும். கையில் பிடித்த கம்பியின் மறுமுனையில் நடப்பதை அறிய இவை பெரிய துணை. ஒரு பென்சிலை எடுத்து உப்புத்தாளின் மேல் இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பைத் தொடுவது பென்சில் நுனி, ஆனால் அது உங்கள் விரலில் தெரிகிறது. இப்போது பென்சிலை நெரிப்பது போலப் பிடித்துக்கொண்டு இழுங்கள். சொரசொரப்பு மங்கும். தசை இறுகினால் சேதி அடங்கிவிடும். யாராவது பிக்கைச் சட்டென்று உருவினால் கையோடு வந்துவிட வேண்டும், அவ்வளவு தளர்வுதான் பிடி.

பின்னைத் தூக்குவதா, நெம்புவதா?

இரண்டும் நடக்கும். ஆனால் எது நடக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

தூக்குவது என்றால் பிக் முழுவதும் கிடைமட்டமாக இருந்தபடி மேலே போவது. சாவித்துளை அகலமாக இருந்தால் இது சுலபம், அழுத்தமும் நேராகப் போகும். நெம்புவது என்றால் பிக்கின் தண்டைச் சாவித்துளையின் கீழ்விளிம்பில் சாய்த்து, பிடியைக் கீழே இறக்கி, நுனியை மேலே ஏற்றுவது. இதில் கட்டுப்பாடு அதிகம். பிடி ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் நுனி சில மில்லிமீட்டர்தான் ஏறும். கையின் பெரிய அசைவு நுனியில் சின்ன அசைவாகிறது. நான் பெரும்பாலும் நெம்புகிறவன்.

இதில் ஒரு பொறி உண்டு. ஐந்தாவது பின்னை நெம்பும்போது, நுனியைப் பற்றி மட்டும் யோசிக்கிறோம். அதே நேரம் பிக்கின் தண்டு சாய்ந்து போய் முதல் இரண்டு பின்களைத் தடவிக்கொண்டிருக்கலாம். அவை ஏற்கெனவே சரியாக உட்கார்ந்தவை. தண்டு தள்ளியதும் சாவிப் பின்னே ஷியர் லைனைத் தாண்டி மேலே போய் மாட்டிக்கொள்ளும். நீங்கள் ஐந்தாவதைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். முன்னால் உயரமாக ஏற வேண்டிய பின்னும், கடைசியில் கொஞ்சமே ஏற வேண்டிய பின்னும் இருந்தால் கவலையில்லை. அது தலைகீழாக இருந்தால்தான் சிக்கல். அப்போது கழுத்து உயரமான ஹூக் எடுத்து, தண்டைத் தாழ்த்தி வைத்து, நெம்பாமல் தூக்குங்கள்.

டென்ஷன் கம்பியைச் சாவித்துளையின் கீழே வைப்பதா, மேலே வைப்பதா?

கீழே வைப்பது பழைய வழக்கம். நீளமான, வளைந்த கம்பி. அழுத்தும்போது அதன் கை சற்று வளைவது கண்ணுக்கே தெரியும், அதை வைத்து அழுத்தத்தை அளக்கலாம். ஆரம்பத்தில் அது உதவி. ஆனால் பிக்குக்கு வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

மேலே, முதல் பின்னுக்கு முன்னால் இருக்கும் குட்டி இடத்தில் வைப்பதற்கு வளையாத தட்டைக் கம்பி வேண்டும். இப்போது பலரும் இதைத்தான் விரும்புகிறார்கள், நானும்தான். சாவித்துளையின் கீழ்ப்பகுதி முழுக்கப் பிக்குக்குக் கிடைக்கிறது. கம்பி விறைப்பாக இருப்பதால் உருளையின் அசைவு அப்படியே விரலுக்கு வருகிறது. கம்பியின் தடிமன் துளைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். 0.8, 1.0, 1.3 மி.மீ. என்று மூன்று தடிமன் வைத்திருந்தால் பெரும்பாலான பூட்டுக்குப் போதும். லொடலொடவென்று ஆடினால் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் பாதி கம்பியைத் துளைக்குள் சாய்ப்பதற்கே செலவாகும். ரொம்ப நீளமாக இருந்தால் முதல் பின்னை முட்டும். கூட்டின் முகத்தில் உரசாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உரசினால் நீங்கள் உருளையைத் திருப்பவில்லை, கூட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

விரலில் வரும் சேதியை எப்படிப் படிப்பது?

நான்கு விதமான பதில் வரும். தள்ளினால் துள்ளித் திரும்பி வந்தால், அது வெறும் ஸ்பிரிங். அந்தப் பின் இன்னும் இறுகவில்லை, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தள்ளினால் "முடியாது" என்று விறைத்து நின்றால் அதுதான் இறுகிய பின். அதை மட்டும் மெல்லத் தள்ளுங்கள். எதிர்ப்பே இல்லாமல் லொடக்கென்று ஆடினால், ஸ்பிரிங் அதற்கு மேலே எங்கோ நின்றுவிட்டது, பின் உட்கார்ந்தாயிற்று. முன்பு ஆடிக்கொண்டிருந்த பின் இப்போது ஆடாமலும் துள்ளாமலும் நின்றால், அதிகம் ஏறிவிட்டது.

ஒரு பின் உட்காரும் கணத்தை நிறையப் பேர் காதால் தேடுகிறார்கள். கிளிக் சத்தம் வரும், ஆனால் அதோடு டென்ஷன் விரலில் ஒரு துளி நழுவலும் வரும். உருளை திரும்பியதன் அடையாளம் அதுதான். சத்தம் மட்டும் வந்து விரலில் ஒன்றும் வரவில்லை என்றால் நம்பாதீர்கள். பிக் எதையோ உரசியிருக்கும்.

அதிகம் ஏறிவிட்டால் டென்ஷனை முழுவதும் விட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்குங்கள். கொஞ்சமாக விட்டு அந்த ஒரு பின்னை மட்டும் இறக்கும் வித்தை உண்டு. அது அப்புறம் தானாக வரும்.

ரேக் போட்டால் சீக்கிரம் திறக்கிறதே, அது போதாதா?

திறக்கும். அலை மாதிரி பல் வைத்த கருவியை உள்ளே விட்டு ஆட்டினால் மலிவான பூட்டு சில நொடியில் திறந்துவிடும். சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் ஏன் திறந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. டென்ஷன் எவ்வளவு லேசாக இருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள மட்டும் ரேக் நல்ல வாத்தியார். அழுத்தினால் அது வேலையே செய்யாது.

எல்லாம் உட்கார்ந்துவிட்டது, உருளை நன்றாகத் திரும்பி நின்றுவிட்டது, ஆனால் திறக்கவில்லை. ஏன்?

வாழ்த்துகள், ஸ்பூல் பின்னைச் சந்தித்துவிட்டீர்கள். நூல் சுற்றும் கட்டை மாதிரி நடுவில் இடுப்பு ஒடுங்கிய டிரைவர் பின் அது. ஒடுங்கிய இடுப்பு ஷியர் லைனுக்கு வந்ததும் உருளை வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பி, திறக்கப்போவது போல ஆசை காட்டி நின்றுவிடும். இதைப் பொய் செட் என்போம்.

இங்கேதான் இரண்டு கையும் பேசிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பின்னாகத் தொட்டுக்கொண்டு போங்கள். ஒன்றைத் தள்ளும்போது டென்ஷன் விரல் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். உருளை திரும்பி வரப் பார்க்கிறது. ஸ்பூல் அதுதான். அந்தப் பின்னின் அடி விளிம்பு உருளையை விலக்கிக்கொண்டுதான் மேலே போக முடியும். உருளை விலக வேண்டுமானால் விரல் இடம்கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பின் ஏறாது. ஒரேயடியாக விட்டுவிட்டால் உட்கார்ந்த பின் எல்லாம் விழும்.

மெதுவாக நடப்பதைப் பார்ப்போம். பிக் நுனி பின்னின் அடியில். தள்ளுகிறேன், விரலுக்கடியில் கம்பி என்னைப் பார்த்து எழுகிறது. நான் விரலை எடுக்கவில்லை, எதிர்த்து அழுத்தவும் இல்லை; அது எழும் அளவுக்கு விரலையும் எழவிடுகிறேன். தூங்கும் குழந்தையின் வயிற்றில் கை வைத்திருந்தால் மூச்சுக்கு ஏற்ப கை ஏறுமே, அந்த மாதிரி. ஒரு இடத்தில் எழுவது நிற்கும். டொக் என்று பின் தாண்டும். உருளை மறுபடி முன்னால் வந்து விழும், பழைய இடத்தைவிட ஒரு துளி அதிகமாக. சில சமயம் இந்தக் கூத்தில் ஏற்கெனவே உட்கார்ந்த ஒரு பின் விழுந்துவிடும். பரவாயில்லை, அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு போன் அழைப்பு. மூன்று வாரமாக ஒரு தொங்கு பூட்டோடு சண்டை. ஒவ்வொரு நாளும் பொய் செட் வரைக்கும் வரும், அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்துவேன். ஒரு நாள் பிக் உள்ளே இருக்கும்போதே போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தேன். கவனம் பேச்சில் இருந்ததால் இடது கை தளர்ந்திருக்கிறது, வலது கை பழக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. பூட்டு மடியில் திறந்து விழுந்தது. எதிர்முனையில் இருந்தவருக்கு நான் ஏன் கத்தினேன் என்று கடைசிவரை புரியவில்லை.

பிக் அடிக்கடி வளைகிறது. மட்டமான ஸ்டீலா?

இருக்கலாம். ஆனால் முதலில் டென்ஷனைச் சந்தேகப்படுங்கள். 0.6 மி.மீ. தடிமனுள்ள சுமாரான பிக்கூட ஒழுங்கான அழுத்தத்தில் வளையாமல் பல நாள் உழைக்கும். ஒடுங்கிய சாவித்துளைக்கு 0.4 மி.மீ. பிக் தேவைப்படும், அது வளைந்தால், கை எங்கே பலவந்தம் செய்கிறது என்று சொல்லிவிடுகிறது. ஒருவகையில் நல்ல கண்காணிப்பாளர்.

புதுப் பிக்கை அப்படியே பயன்படுத்தாதீர்கள். தகட்டிலிருந்து வெட்டியெடுத்த ஓரம் கூர்மையாக, பிசிறோடு இருக்கும். அது பின்னில் மாட்டி இல்லாத சேதியெல்லாம் சொல்லும். 400-இல் தொடங்கி 600, 1000 என்று உப்புத்தாளால் ஓரங்களையும் நுனியையும் தேய்த்து, நகத்தில் இழுத்தால் கீறாத அளவுக்கு வழவழப்பாக்குங்கள். அரை மணி நேர வேலை. இதற்குப் பிறகு அதே பூட்டு வேறு பூட்டு மாதிரி இருக்கும்.

பூட்டைக் கையில் பிடிப்பதா, கிளாம்பில் மாட்டுவதா?

ஆரம்பத்தில் கிளாம்ப். ஒரு கை வேலை மிச்சம். அப்புறம் கையில் பிடித்துப் பழகுங்கள். பூட்டின் உடம்பு வழியாகவும் அதிர்வு உள்ளங்கைக்கு வரும், அதுவும் சேதிதான். கையில் பிடிக்கும்போது நடுவிரலும் மோதிரவிரலும் பூட்டைத் தாங்கட்டும், ஆட்காட்டி விரல் டென்ஷனுக்கு மட்டும். ஒரே விரல் இரண்டு வேலையும் பார்த்தால் இரண்டும் கெடும்.

விரல் மரத்துப்போகிறது, மணிக்கட்டு வலிக்கிறது.

நிறுத்துங்கள். 20 நிமிடம் போதும், கையை உதறிவிட்டு எழுந்து நடங்கள். மரத்த விரலுக்கு எதுவும் கேட்காது. அதற்கு மேல் உட்கார்ந்திருப்பது பிடிவாதம். நாள் தவறாமல் வலி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு பூட்டில் எவ்வளவு நேரம் போராடலாம்?

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1851, லண்டனில் உலகக் கண்காட்சி. ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் வந்திறங்கினார். பிரிட்டிஷார் பெருமையாக வைத்திருந்த சப் கம்பெனியின் டிடெக்டர் பூட்டை அரை மணிக்குள் திறந்துகாட்டினார். அந்தப் பூட்டின் விசேஷமே, உள்ளிருக்கும் ஏதாவது ஒரு லீவரை (சாவி தூக்கும் தகட்டை) அளவுக்கு மீறித் தூக்கினால் அது இறுகிப்போய், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உடையவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான். நாம் மேலே பேசிய "அதிகம் ஏறிவிட்டது" என்ற பிழைக்கு 1818-லேயே பொறி வைத்திருக்கிறார்கள். ஹாப்ஸ் செய்ததும் நாம் செய்வதுதான்: தாழ்ப்பாளுக்கு அழுத்தம் கொடுத்து, எது இறுகுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்.

அடுத்து பிராமா கம்பெனியின் பூட்டு. திறப்பவருக்கு 200 கினி (பழைய பிரிட்டிஷ் பணம்) என்ற சவாலோடு 1790-லிருந்து கடையின் ஜன்னலில் இருந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் யாரும் திறக்கவில்லை. ஹாப்ஸ் திறந்தார். 16 நாளில் பரவிய 51 மணி நேரம் ஆனது.

ஆகவே உங்கள் கால் மணி நேரத்தைப் பற்றி வெட்கப்படாதீர்கள். ஆனால் கால் மணி நேரத்தில் புதிதாக ஒன்றுமே தெரியவரவில்லை என்றால் பூட்டைக் கீழே வையுங்கள். ஹாப்ஸும் 51 மணி நேரத்தை ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிக்கவில்லை.

பயிற்சி எப்படி ஆரம்பிப்பது?

பிரித்துப் பின் மாற்றக்கூடிய பூட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பின்னை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஒரு பின் பூட்டு உடனே திறக்கும், போரடிக்கும். அதை ஐம்பது தடவை திறங்கள், ஒவ்வொரு தடவையும் இன்னும் குறைந்த டென்ஷனில். அது திறக்காமல் போகும் எல்லை எங்கே என்று கண்டுபிடியுங்கள். பிறகு இரண்டு பின், மூன்று.

டென்ஷனே கொடுக்காமல் பிக்கை மட்டும் உள்ளே விட்டு, கடைசியிலிருந்து முன்னால் வரை பின்களை எண்ணிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, எது குட்டை எது நெட்டை என்று காகிதத்தில் வரைந்து, சாவியோடு ஒப்பிடுங்கள். பக்கவாட்டில் வெட்டி உள்ளே தெரியும் பூட்டுகளும் கிடைக்கின்றன. விளக்கம் புரிய நல்லது, பழக அல்ல. கண் திறந்திருந்தால் விரல் சோம்பேறியாகிவிடும்.

திறந்த பிறகு உருளையை முழுச் சுற்று சுற்றிப் பார்க்கலாமா?

அரைச் சுற்றுக்கு வரும்போது சாவித்துளையின் திறந்த அடிப்பக்கம் மேலே வந்து டிரைவர் பின்களுக்கு நேராக நிற்கும். அவை ஸ்பிரிங்கோடு துளைக்குள் இறங்கிவிடலாம். அப்புறம் உருளை இந்தப் பக்கமும் போகாது அந்தப் பக்கமும் வராது. அப்படி மாட்டிக்கொண்டால் பதறாமல், தட்டையான பிக்கின் முதுகைச் சாவித்துளைக்குள் நீளவாக்கில் செலுத்தி, இறங்கிய பின்களை மேலே அமுக்கிக்கொண்டே உருளையைத் திருப்புங்கள். டென்ஷன் கம்பியை அப்போதும் லேசாகத்தான்.